முதுசக் காணி விற்கிறவர்களே, காசோலையை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்

நேற்று வங்கியில் காசோலை திரும்பிவிட்டது. 18 இலட்சம் ரூபா. இன்னும் கை நடுங்குகிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

உரும்பிராயில் அப்பப்பா துலா மிதித்து இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த 6 பரப்புச் செம்மண் தோட்டம் அது. அப்பா எனக்கு நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) எழுதித் தந்தார். விற்கிற எண்ணமே இருந்ததில்லை. அம்மாவின் இருதயச் சத்திரசிகிச்சைக்கு இங்கே கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை நாள் குறித்ததும் வேறு வழி தெரியவில்லை.

வெள்ளவத்தையில் அலுவலகம் வைத்திருக்கும் காணி முகவர்களிடம் போனேன். பரப்பு ஒன்றுக்கு 7 இலட்சம், மொத்தம் 42 இலட்சம் என்று பேசி முடித்தார்கள். 24 இலட்சம் கணக்குக்கு வந்தது. மீதி 18 இலட்சத்துக்குப் பத்து நாள் தள்ளித் திகதியிட்ட காசோலை.

உறுதி எழுதும் நொத்தாரிசும் அவர்கள் அழைத்துவந்தவர்தான். உறுதியைக் கடகடவென்று வாசித்தார். "கிரயப் பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். முழுவதும் வரவில்லையே என்று கேட்டேன். முகவர் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, எல்லா உறுதியும் இப்படித்தான் எழுதுவது. பணம் வராவிட்டால் காணியை உங்கள் பெயருக்கே திருப்பி எழுதித் தருவோம். நீங்கள் அம்மாவைப் பாருங்கள்" என்றார். அவரே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். அம்மாவைச் சொல்லித்தான் என் கையெழுத்தை வாங்கினார்கள்.

காசோலை திரும்பியதும் தொலைபேசி எடுத்தேன். காணியை வாங்கியவர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். பின்னேரம் நேரில் போனேன். "நாங்கள் இடையில் நிற்பவர்கள் மட்டும்தான்" என்றார்கள். அதே முகவர் இன்று காலை, "முழுப் பணமும் பெற்றதாக நீங்கள்தானே ஒப்பமிட்டீர்கள்?" என்று கேட்கிறார்! வராத அந்த 18 இலட்சத்தையும் சேர்த்து, 42 இலட்சத்துக்கும் நூற்றுக்கு மூன்று வீதம், 1,26,000 ரூபா, தரகுப் பணம் அன்றைக்கே எண்ணி வாங்கியவர்கள் இவர்கள்.

திருப்பி எழுதித் தருவோம் என்ற பேச்சைச் சட்டத்தரணியிடம் சொன்னேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி தருவதாகச் சொல்லும் வாக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்றார். என்னிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பணம் முழுவதும் உங்கள் கணக்கில் விழும் வரை உறுதியில் ஒப்பமிடாதீர்கள். நொத்தாரிசை நீங்களே பிடியுங்கள். எவ்வளவு கையில் வந்தது, எவ்வளவு எந்த இலக்கக் காசோலை என்பதை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள். வைத்தியசாலை அவசரத்தைத் தரகரிடம் வாய் திறந்து சொல்லாதீர்கள். நான் சொன்னேன். 18 இலட்சம் போனது.

வெள்ளவத்தைப் பக்கம் இப்படிக் காசோலை வாங்கி வைத்திருப்பவர்கள் யாரும் இருந்தால், திகதி வரும்வரை காத்திராமல் இன்றே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.