வன்னிக் காட்டு மரக் கன்றுகள் விற்கும் நாற்றுமேடை: மூன்று மாரி கடந்த பின் ஒரு மதிப்பீடு

2010 இல் மீள்குடியேறி வந்தபோது, கிளிநொச்சி நகரை ஒட்டிய எங்கள் கால் ஏக்கர் வளவில் உயிரோடு நின்றது ஒரேயொரு வேம்பு மட்டுமே. வீடு கட்டி முடித்த பிறகு, எல்லோரையும் போல நாங்களும் குரோட்டன், போகன்விலா, முன்பக்கத்தில் விலைக்கு வாங்கிப் பதித்த புல் என்று வளவை அலங்கரித்தோம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் சிறுவயதில் இதே மண்ணில் நான் கண்ட வண்ணத்துப்பூச்சிகளும் புலுனிக் கூட்டங்களும் அங்கே வரவில்லை. குரோட்டனும் போகன்விலாவும் வேற்று நாட்டுச் செடிகள் என்பதால் நம் ஊர்ப் பூச்சிகளின் புழுக்கள் அவற்றின் இலையை உண்டு வளர்வது அரிது என்பதையும், புழு இல்லாத வளவில் குஞ்சுக்கு இரை தேடும் குருவிக்கு ஒன்றும் கிடைக்காது என்பதையும் எனக்கு விளங்கப்படுத்தியவர், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே நாற்றுமேடை வைத்திருக்கும் ஒரு முதியவர். மூன்று மாரிகளாக அவரிடம் கன்று வாங்கி வருகிறேன் என்பதால், இப்போது எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கே மாங்கன்றும் தென்னம்பிள்ளையும் கிடைக்கும். ஆனால் பின்பக்கத்துப் பந்தலின் கீழ்தான் அந்த இடத்தின் உண்மையான செல்வம் இருக்கிறது. பாலை, வீரை, முதிரை, விளாத்தி, மருது, கொன்றை, பனிச்சை, இலுப்பை, நாவல், ஆவரசு, நொச்சி என்று, வேறு கடைகளில் கேட்டால் சிரிக்கும் கன்றுகளெல்லாம் பொலித்தீன் பைகளில் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் விதையிலிருந்து முளைத்தவை, நொச்சி மட்டும் தடியிலிருந்து. காட்டுக்குள் புகுந்து பிடுங்கி வந்த கன்றை அவர் விற்பதில்லை; பாலைப்பழக் காலத்தில் வீதியோரம் பழம் விற்பவர்களிடம் வாங்கி, தின்று மிஞ்சிய கொட்டைகளையே முளைக்கப் போடுகிறார். நான் வாங்கியவை ஒன்று 150 ரூபாவிலிருந்து 400 ரூபாவுக்குள் அடங்கின. முதிரைதான் விலை கூடியது.

கன்றை விற்பதோடு அவர் நிறுத்துவதில்லை, சிறு தொகை கொடுத்தால் வளவுக்கே வந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நட வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றை நான் ஆவலோடு நீட்டினேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, முதலில உங்கட வளவில தானா என்னென்ன முளைச்சு நிக்குது எண்டு பாப்பம்" என்று கோடிப்புறம் போனார். நான் பிடுங்கச் சொல்லியிருந்த எருக்கலையைப் பிடுங்க விடவில்லை. வேலியோரம் பூத்துக் குலுங்கிய நாயுண்ணியை வேரோடு தோண்டச் சொன்னார். அது 1826 இல் பூந்தோட்டச் செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று காட்டோரமெல்லாம் மூடிக் கிடக்கும் செடி என்று அப்போதுதான் அறிந்தேன். கிணற்றடியில் நின்ற பார்த்தீனியம் என்ற களையைக் கையுறை போட்டுப் பூக்கும் முன்னரே பிடுங்க வேண்டும் என்றார். வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

வேலிக்கு நொச்சியைப் பரிந்துரைத்தது அவர் தந்த மிகச் சிறந்த ஆலோசனை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கும் செடி, ஊரில் எத்தனை வேலிகளில் நிற்கிறது? கதியாலாக நட்டால் இலகுவில் பிடிக்கும், கட்டாக்காலி மாடுகள் பெரும்பாலும் வாய் வைக்காது, ஊதா நிறச் சிறுபூக்களுக்குத் தேனீக்கள் நாள் முழுவதும் வரும். முன்பு வருடத்துக்கு இரண்டு முறை முட்கம்பிக்குச் செலவழித்த பக்கத்தில் இப்போது என் தலைக்கு மேல் உயர்ந்த பச்சைச் சுவர் நிற்கிறது.

இரண்டாவது மாரி முடிந்த தையில், அந்த எருக்கலை இலையின் கீழ் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள் போட்ட புழு ஒன்றைக் கண்டேன். முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள், அடியில் சிவப்பு. சில நாட்களில் ஏழு புழுக்கள் எண்ணினேன். அவை செம்மஞ்சள் சிறகும் கறுப்பு வெள்ளை ஓரமும் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளாகின. கறிவேப்பிலையிலும் விளாத்தியிலும் வந்தவை வேறு வகை. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கிடந்து ஏமாற்றும், வளர்ந்தபின் இலைப்பச்சையாகும், விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஓர் இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு நெடியைப் பரப்பும். கறிவேப்பிலை மொட்டையாகிறதே என்று அம்மா வருந்தினார். மருந்தடிக்கும் எண்ணத்தை நான் கைவிடச் செய்தேன். அடுத்த மழைக்குள் அது மீண்டும் துளிர்த்துவிட்டது.

வீட்டில் பெரிய விவாதம் சருகைப் பற்றியதுதான். காலையில் முற்றம் கூட்டுவது எங்கள் வீடுகளில் ஒழுக்கம் போன்றது. சருகு குவிந்தால் புடையன் பாம்பு வந்து தங்கும் என்ற பயமும் நியாயமானதே. அவர் சொன்ன வழி இரண்டுக்கும் இடம் கொடுத்தது: வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கும் கிணற்றுக்குப் போகும் பாதைக்கும் தினமும் கூட்டுவது, வேலியோர மரங்களின் கீழே மட்டும் சருகை அப்படியே விடுவது, இரவில் அந்தப் பக்கம் போனால் ரோர்ச் இல்லாமல் போகாமலிருப்பது. தண்ணீருக்கு ஒரு மண்சட்டி வைத்து, நுளம்பு பெருகாதபடி காலையில் ஊற்றிவிட்டு மாற்றுகிறோம். கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, சரியாக இருள் கவியும் நேரத்தில், அந்தச் சருகுக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் கேட்டது. இந்தியாவிலிருந்து மாரிக்கு வந்து பங்குனி, சித்திரையில் திரும்பும் பறவை அது. சருகைக் கிளறியே இரை தேடும். அம்மா வெளியே வந்து, சத்தம் அடங்கும்வரை வாசற்படியில் நின்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கொன்றை என்று தரப்பட்ட இரண்டில் ஒன்று, மஞ்சள் கொன்றை என்ற வேறு மரம். நம் கொன்றையில் ஒரு காம்புக்கு நான்கு முதல் எட்டுச் சோடி வரையான, உள்ளங்கை நீளச் சிற்றிலைகள் இருக்கும். மற்றதில் சிறியவை நெருக்கமாக நிற்கும். வாங்கும்போதே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மறுபேச்சின்றி மாற்றித் தந்தார் என்றாலும், அந்தக் கன்று ஒரு வருடத்தை விழுங்கிவிட்டது. பெரிய கன்றை விரும்பி எடுத்த மருதின் வேர் பைக்குள் சுருண்டு கிடந்ததால் அது இன்றுவரை தேறவில்லை. முழங்காலுக்குக் கீழான கன்றுகளே நல்லவை, ஆனால் இதை அவர் தானாகச் சொல்வதில்லை, கேட்க வேண்டும். முதல் வருடம் கார்த்திகையில் தருவதாகச் சொன்ன கன்றுகள் மழை ஓய்ந்த தை இறுதியில்தான் வந்தன. சோளகக் காற்று தொடங்கியபோது அவற்றில் மூன்று கருகிப் போயின. கறுப்புச் சிறகும் சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சிக்குத் தேவையான ஆடுதின்னாப்பாளை அவரிடம் இதுவரை இல்லை என்பதும் எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நிழலுக்கு அவசரப்படுபவர்களுக்கு இந்த நாற்றுமேடை ஏற்றதல்ல. மூன்று மாரி கண்ட என் பாலைக்கன்று இன்னும் இடுப்பளவுதான். ஆனால் வளவில் குருவியும் பூச்சியும் வாழ வேண்டும் என்று விரும்புபவர்கள், ஆவணியிலேயே போய்ப் பெயர் கொடுத்து, கன்றுகளை ஐப்பசி முதல் மழைக்கு முன் கையில் வாங்கிவிடுங்கள். அதிகாலையில் போனால் அவரோடு பேச நேரம் கிடைக்கும். வீரை வாங்குவதானால் ஒன்றோடு நிற்க வேண்டாம்; அதில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு, கன்றில் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. நான் இந்த மாரிக்கு நான்கு வீரைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.