கியர் விழவில்லை: கிளட்ச்சா, கேபிளா, கியர்பாக்ஸா?

"கியர் சரியா விழ மாட்டேங்குது" என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் வரும் பதில் "கியர்பாக்ஸ இறக்கணும் சார்". இறக்க வேண்டுமா என்பதை வீட்டு வாசலிலேயே முக்கால்வாசி தெரிந்துகொள்ளலாம். மேனுவல் கியர் காரில் சந்தேகப்பட வேண்டியது மூன்று: கிளட்ச், கியர் கேபிள், கியர்பாக்ஸின் உள்பாகம்.

எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பல்லோடு பல் முட்டி ஒன்றிரண்டு அடம்பிடித்தால் வண்டியை லேசாக அசைத்தால் விழும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்தபோது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச்சைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நீங்கள் பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை. எஞ்சின் இன்னும் கியர்பாக்ஸைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி ரிவர்ஸ் கியர். பல கார்களில் அதற்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்படுத்தி, கியரை அரைக்காமல் விழவைக்கும் பாகம்) கிடையாது. நியூட்ரலில் நின்று, கிளட்ச்சை அடிவரை மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் உள்ளே சுழற்சி நின்றிருக்க வேண்டும். அப்போதும் "கறக்" என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் கிளட்ச் என்றாலே கிளட்ச் பிளேட் என்று அர்த்தமில்லை. என் பழைய காரில் இதே தொல்லை வந்தபோது பிளேட் செட் முழுக்க மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள். பெடலை இரண்டு முறை பம்ப் பண்ணினால் கியர் ஒழுங்காக விழுந்ததுதான் எனக்கு உறுத்தியது. பெடலை மிதிக்கும்போது ஃப்ளூயிட் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிப்பது ஸ்லேவ் சிலிண்டர். கியர்பாக்ஸ் மேலிருந்த அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கினேன். உள்ளே பிசுபிசுவென்று கசிந்த கிளட்ச் ஃப்ளூயிட். சிலிண்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியதும் (ஏர் எடுப்பது) சரியாகிவிட்டது. சில கார்களில் இந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்பக்கம் இருக்கும். அங்கே இறக்காமல் முடியாது. கிளட்ச்சுக்கு ஒயர் உள்ள சின்ன கார் என்றால் ஒயர் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். அதற்கும் முன்னால், பெடலுக்கு அடியில் மேட் மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நடப்பதுதான்.

எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி கஷ்டம், அல்லது லிவர் தொளதொளவென்று ஆடி எந்த கியர் எங்கே என்றே தெரியவில்லை என்றால் கேபிள் பக்கம் போகலாம். ஒருவர் லிவரை அசைக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து கேபிள் முனையைப் பார்த்தால் போதும். பல நேரம் தேய்ந்துபோன பிளாஸ்டிக் புஷ்தான் காரணம்.

கியர்பாக்ஸ் உள்ளே கோளாறு என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கியர் மட்டும் தகராறு செய்யும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது அரைக்கிறது, மற்றவை சுத்தம் என்றால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். டபுள் கிளட்ச் அடித்துப் பாருங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச் விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து இரண்டாவது. இப்படிச் சத்தமில்லாமல் விழுந்தால் சிங்க்ரோ என்பது கிட்டத்தட்ட உறுதி. காலையில் மட்டும் கடினம், ஓடிச் சூடானதும் சரி என்றால் முதலில் கியர் ஆயிலை மாற்றிப் பார்க்கலாம். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கைப் பாதிக்கலாம்.

என்னைக் கேட்டால் மேட், ஃப்ளூயிட், கேபிள், ஆயில், கடைசியாகத்தான் ஸ்பேனர். பிளேட்டுக்காகவே கியர்பாக்ஸ் இறங்குகிறது என்றால் ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அது பின்னால் தனியாகப் போனால் இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.