23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி: குழாயில் நிற்கும் காற்றை மறக்காதீர்கள்

குழந்தைகள், கீமோ எடுப்பவர்கள், புறங்கையில் மட்டுமே நரம்பு தெரியும் முதியவர்கள். இவர்களுக்கு ரத்தம் எடுக்க நீல நிறச் சிறகு வைத்த 23 கேஜ் செட்தான் எங்கள் தேர்வு (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது). முக்கால் அங்குல ஊசி, 0.6 மி.மீ. பருமன். சிறகைப் பிடித்துத் தாழ்வான கோணத்தில் நுழைக்கலாம். நரம்பில் இறங்கியதும் குழாயில் ரத்தம் எட்டிப்பார்க்கும்.

வாங்கும்போது பின்முனையைப் பாருங்கள். ரப்பர் உறை போட்ட ஊசியும் ஹோல்டரும் இருந்தால்தான் வேக்கம் ட்யூபில் (ரத்தத்தைத் தானே உறிஞ்சும் வெற்றிட ட்யூப்) நேரடியாகச் செருக முடியும். மலிவாகக் கிடைக்கும் ஸ்கால்ப் வெயின் செட்டில் இவை இருக்காது, அந்தச் செட் ட்ரிப் ஏற்றுவதற்கானது. அதில் சிரிஞ்சை மாட்டி வேகமாக இழுத்து, பிறகு ஊசி வழியாக ட்யூபுக்குள் அழுத்தினால் சிவப்பணுக்கள் உடையும். பொட்டாசியமும், எல்டிஹெச், ஏஎஸ்டி என்ற நொதிகளும் பொய்யாக ஏறிவிடும்.

இந்தச் செட்டின் பெரிய குறை நீளக் குழாய்தான். அதற்குள் அரை மில்லி அளவுக்குக் காற்று நிற்கும், முதல் ட்யூபின் வேக்கம் அதைத்தான் முதலில் உறிஞ்சும். முதல் ட்யூப் நீல மூடி சிட்ரேட்டாக (ரத்தம் உறைதலைச் சோதிக்கும் ட்யூப்; உறையாமல் தடுக்க உள்ளே சிட்ரேட் இருக்கும்) இருந்தால் ஆபத்து. 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், அதாவது ஒன்றுக்கு ஒன்பது என்பது கணக்கு. வந்து சேர்வது 2.2 மில்லி என்றால் விகிதம் ஏழரைக்கும் கீழே போய்விடும். மிஞ்சிய சிட்ரேட், ரத்தம் உறைவதற்காகச் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். பிடி, ஏபிடிடி என்ற உறைதல் நேரச் சோதனைகள் இரண்டும் நீண்டு காட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் (பிடியிலிருந்து கணக்கிடும் எண்) இப்படிப் பொய்யாக உயர்ந்தால், தேவையே இல்லாமல் மருந்தைக் குறைத்துவிடுவார்கள். தீர்வு எளிது: இன்னொரு சிட்ரேட் ட்யூபை முதலில் செருகி, காற்று போய் ரத்தம் வந்ததும் கழற்றி எறிந்துவிடுங்கள். ஒரு ட்யூப் காசைப் பார்க்கவே கூடாத இடம் இது.

பிறகு சிட்ரேட், சீரம், ஹெப்பாரின், ஊதா மூடி, சாம்பல் மூடி என்ற வரிசையில் ட்யூப்களை நிரப்புங்கள். ஊதா ட்யூபின் பொட்டாசியம் ஈடிடிஏ சீரத்தில் துளி கலந்தாலும் பொட்டாசியம் கூடும், கால்சியம் குறையும்.

மெல்லிய ஊசி என்பதால் ரத்தம் மெதுவாகத்தான் வரும். அதற்காக டூர்னிக்கெட்டை (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) இறுக்கியே வைத்திருப்பதும், கையை மூடித் திறக்கச் சொல்வதும் வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். மெதுவாக நிரம்பும் ஊதா ட்யூபில் கட்டி விழும் வாய்ப்பு அதிகம், நிரம்பிய கையோடு எட்டு முதல் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது. ஸ்பிரிட் காய முப்பது நொடி விடுங்கள். ஈரத்தில் குத்தினால் எரியும், சாம்பிளும் கெடும்.

முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு இருப்பவருக்கு இது வீண் செலவு, 21 கேஜ் நேர் ஊசியே போதும். எடுத்து முடித்ததும் குழாய் சுருண்டு ஊசி துள்ளும், கையில் குத்தும். ஆகவே பாதுகாப்பு உறை உள்ள மாடலையே வாங்குங்கள். சிறகை விடாமல் பிடித்தபடி உறையை ‘க்ளிக்’ என்று பூட்டிய பிறகே ஷார்ப்ஸ் டப்பாவில் (கூரான கழிவுகளுக்கான டப்பா) போடுங்கள்.