பனங்கள்ளு: மரத்தைவிட மணித்தியாலம்

பியரில் லாகர் வேறு, ஸ்டவுட் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள்கூடக் கள்ளு விற்கும் தவறணைக்கு வந்தால் "ஒரு போத்தல் கள்ளு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பல மரத்துக் கள்ளு ஒரே வாளிக்குள் கலந்திருக்கும். உங்களுக்குப் பிடித்தது எது என்று தெரிய வேண்டுமானால், கலக்க முன்னம் ஒரே மரத்தில் கட்டிய மண்முட்டியில் கேட்டு வாங்குங்கள்.

வன்னியில் பனை தையில் தொடங்கி ஆடியோடு ஓயும். முதலில் ஆண்பனை, பிறகு பெண்பனை. மற்ற மாதங்களில் தென்னங்கள்ளுதான். அது மென்மை, ஆனால் பனையின் வாசம் வராது.

மரத்தைவிட ருசியை மாற்றுவது நேரம். பதநீரில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு சீனி. முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால், பாளையில் இருந்து சொட்டும்போதே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மாலையில் சீவிக் கட்டிய முட்டி காலையில் இறங்கும்போது இரவு முழுக்கப் புளித்திருக்கும். அதில் 1 போத்தலை மூன்றாகப் பிரித்து, காலை 8 மணிக்கு, 11 மணிக்கு, பின்னேரம் 3 மணிக்கு என்று குடித்துப் பாருங்கள். எட்டுக்கு இனிப்பு மேலே நிற்கும். மூன்றுக்குப் புளிப்பு தொண்டையைப் பிடிக்கும். எங்கள் தெரிவு 11 மணி ஆண்பனை: இனிப்பும் புளிப்பும் சரிபாதி, நுரை பொடிப்பொடியாக. தென்மேல் காற்றான சோளகம் வீசும் வெக்கை நாட்களில் இதே கட்டம் ஒன்பதரைக்கே வந்துவிடும்.

பிழைக்கும் இடங்கள் சில உண்டு. வினாகிரி மணம் வந்தால் நேரம் கடந்துவிட்டது, குளிரூட்டினாலும் திரும்பாது. நூல்போல இழுபட்டால் முட்டி சரியாகக் கழுவப்படவில்லை; ஒருவகைப் பக்டீரியா சீனியைப் பசையாக்கியிருக்கிறது. புளிப்பும் நுரையும் இல்லாமல் வெறும் இனிப்பு நாக்கில் ஒட்டி நின்றால் சீனியோ சக்கரினோ கலந்ததாகச் சந்தேகப்படலாம். மழை பெய்த இரவின் கள்ளு தண்ணியாக இருப்பதற்கு விற்பவரைத் திட்டாதீர்கள்.

கிளிநொச்சியில் வாங்கி ஏ9 வழியே வவுனியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் போத்தலில் கால்வாசி இடம் விட்டு, மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி மூடினால் வாயு திரண்டு வழியிலேயே வெடிக்கலாம், கண்ணாடிப் போத்தல் என்றால் ஆபத்து. ஐஸ் பெட்டி புளிப்பை மெதுவாக்கும், நிறுத்தாது.

கடையில் வரும் அடைத்த போத்தல் கள்ளு சூடாக்கி ஈஸ்டைக் கொன்றது. மாதக்கணக்கில் கெடாது. ஆனால் காய்ச்சிய மணம் ஒன்று அடியில் இருக்கும். பருவம் இல்லாத மாதங்களுக்குப் பரவாயில்லை, பருவத்தில் காசு செலவழிக்கத் தேவையில்லை.

குடிக்கப் பனையோலையில் மடித்த பிளாதான் நல்லது. பச்சை ஓலை மணம் கள்ளோடு சேரும், பிளாஸ்டிக் கோப்பை அதைக் கெடுக்கும். கடிக்க நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் போதும்.

பின்னேரம் மிஞ்சியதை ஊற்றிவிடாதீர்கள். 1 கிலோ அரிசி மாவுக்கு அரைக் கோப்பை விட்டு இரவு மூடி வைத்தால், காலையில் அப்பத்துக்கு மா பொங்கி நிற்கும். வினாகிரி ஆனதை மட்டும் அதற்கும் எடுக்காதீர்கள்.