இயர்பட்ஸா, நெக்பேண்டா, ஹெட்போனா: மலைக்குளிரில் எது நெடுநாள் உழைக்கும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் இயர்பட்ஸில் வலக்காதுக்குரியது, மேட்டுப்பாளையத்தில் முழு சார்ஜுடன் பேருந்து ஏறினாலும் குன்னூர் வந்து சேர்வதற்குள் அணைந்துவிடுகிறது. அதற்கும் ஓராண்டு முன்னர் வாங்கிய, காதை முழுவதும் மூடும் ஹெட்போனோ இன்றும் ஒருமுறை சார்ஜ் செய்தால் நான்கைந்து நாள் தாங்குகிறது. இரண்டிலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரிதான். ஆயினும் இவ்வளவு வேறுபாடு ஏன்?

இவ்வகை பேட்டரியின் ஆயுளைச் சுழற்சிகளில் கணக்கிடுகின்றனர். முழுக் கொள்ளளவும் ஒருமுறை செலவானால் ஒரு சுழற்சி. இரண்டு நாளில் பாதி பாதியாகச் செலவானாலும் அது ஒன்றுதான். பொதுவாக 300 முதல் 500 சுழற்சிகளில் கொள்ளளவு 80 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். ஐந்து மணி நேரம் ஓடும் இயர்பட்ஸில் நாள்தோறும் ஐந்து மணி நேரம் கேட்பவர் ஓராண்டிலேயே 365 சுழற்சிகளைச் செலவழித்துவிடுகிறார். 30 மணி நேரம் ஓடும் சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 போன்ற ஹெட்போனில் அதே பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60 சுழற்சிகளே ஆகின்றன. பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கை ஒரு நாள் தேவைக்கான அளவாக மட்டும் பார்ப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான். மேலும், இயர்பட்ஸ் தன் சார்ஜிங் பெட்டிக்குள் எப்போதும் முழு சார்ஜிலேயே கிடப்பதும் அதன் முதுமையை விரைவுபடுத்துகிறது.

குளிர் பேட்டரியைக் கெடுத்துவிடும் என்று நம் ஊரில் ஒரு தவறான அச்சம் உண்டு. உதகையை அடுத்த தலைக்குந்தாவில் உறைபனி படியும் சனவரிக் காலையில் எந்தக் கருவியும் வழக்கத்தைவிடக் குறைந்த நேரமே ஓடும். அயனிகளின் நகர்வு மந்தமாகி உள்மின்தடை கூடுவதே காரணம், வெப்பம் திரும்பியதும் அந்த இழப்பும் நீங்கும். பேட்டரியை நிரந்தரமாகத் தளர்த்துவது வெயில்தான். ஆகவே சமவெளியைவிட உதகையில் அது மெதுவாகவே முதுமை அடையும். ஆனால் சுழியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து மீளாத சேதம் விளையும். இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டியிலிருந்து எடுத்த கருவியை, அறைச்சூட்டுக்கு வந்து ஈரமும் உலர்ந்த பின்னரே சார்ஜில் இட வேண்டும்.

நெக்பேண்ட் இடைப்பட்டது. பேட்டரி 20 மணி நேரத்துக்கு மேல் தாங்குவதால் சுழற்சிகள் குறைவு. ஆனால் அதற்கு முன்பே கம்பியின் இணைப்பு விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை மாற்ற முடியுமா என்பதில்தான் இயர்பட்ஸ் பெரிதும் பின்தங்குகிறது. பெரும்பாலானவை பசையால் ஒட்டி மூடப்பட்டவை. ஹெட்போன்கள் பலவற்றைத் திருகாணி கழற்றித் திறக்கலாம். 2024இல் ஃபேர்போன் நிறுவனம் பயனரே பேட்டரி மாற்றக்கூடிய இயர்பட்ஸை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைப்பது சட்டக் கட்டாயமாகிறது. அதுவரை புதிதாக ஒன்று வாங்குவதானால் நான் ஹெட்போனையே வாங்குவேன்.