இரட்டை மொழிப் பள்ளியா, பக்கத்துத் தெருப் பள்ளியா?

அண்ணன் குடும்பம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறது. மைனி நர்ஸ், நாகர்கோவிலில் ஜெர்மன் வகுப்புக்குப் போய் பி2 என்ற மொழித் தேர்வு வரை முடித்துவிட்டார். மகள் இங்கே இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்றாம் வகுப்பு. "எந்தப் பள்ளியானாலும் இங்கிலீஷ் விட்டிரப்பிடாது, பாத்துக்க" என்று மைனி சொல்ல, தேடும் வேலை என் தலையில் விழுந்தது. தேடியதில் மூன்று வகை அகப்பட்டது.

முதலாவது பெர்லினின் அரசு ஐரோப்பியப் பள்ளிகள். 1992 முதல் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. பாடம் பாதி ஜெர்மனில், பாதி கூட்டுமொழியில், அதாவது அந்தப் பள்ளி ஜெர்மனோடு சேர்த்துவைத்த இன்னொரு மொழியில். கூட்டுமொழிகளில் இங்கிலீஷும் உண்டு. வகுப்பிலும் பாதிப் பேர் ஜெர்மன் பேசி வளர்ந்தவர்கள், மீதிப் பேர் அந்தக் கூட்டுமொழி பேசி வளர்ந்தவர்கள். ஆக, இடைவேளையில் ஒருவருக்கொருவர் வாத்தியார். காகிதத்தில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சேர மொழித் திறன் பார்ப்பார்கள், இடமும் குறைவு. மைனிக்கு வேலை கிடைத்திருப்பதோ பெர்லினில் இல்லை.

இரண்டாவது முழுக்க முழுக்க இங்கிலீஷில் மூழ்கடிக்கும் முறை. கீல் நகருக்குப் பக்கத்தில் ஆல்டன்ஹோல்ட்ஸில் 1999இல் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்தார்கள்: ஜெர்மன் பாடம் தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷில். மைனிக்குப் பிடித்தது இதுதான். எனக்குத்தான் இடித்தது. அங்கே அது பலிப்பதற்குக் காரணம், அந்தப் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் டிவியிலும் ஜெர்மனிலேயே கிடக்கிறார்கள். பள்ளி இங்கிலீஷை ஊட்டினாலும் சொந்த மொழி குறையாது. நம்ம பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ் என்றால் ஜெர்மன் எங்கிருந்து வரும்? கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளைப் பிள்ளைகள் மலையாளம் பேசுவது யாரும் வகுப்பெடுத்தா? சந்தையிலும் பஸ்சிலும் காதில் விழுந்து வந்ததுதானே. அந்தப் பள்ளியில் பிள்ளையின் பெரும்பொழுதில் காதில் விழப்போவது ஏற்கனவே தெரிந்த இங்கிலீஷ்.

மூன்றாவது சாதாரண அரசுத் தொடக்கப் பள்ளி. இங்கிலீஷ் பெரும்பாலான மாநிலங்களில் மூன்றாம் வகுப்பில்தான் தலைகாட்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று பீரியட். நம்ம பிள்ளை கொட்டாவி விடுவாள். முதல் சில மாதங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கவும் கூடும்; அதைப் பெற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. அந்த நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரித்து, பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் கிம்னாசியம் என்ற பள்ளிக்கா வேறு பள்ளிக்கா என்று முடிவு செய்கிறார்கள். (பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்பு வரை அவகாசம் உண்டு.) அதற்குள் ஜெர்மனில் வாசித்து எழுதத் தெரிந்தாக வேண்டும். இங்கிலீஷை ராத்திரி கதைப் புத்தகமே காப்பாற்றிவிடும். தமிழுக்குத்தான் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அதைப்பற்றி மைனி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மயிலாடிக்கு 1806இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும் ஜெர்மன்காரர்தான். அவரும் முதலில் தமிழ் படித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார் என்று சொன்னேன். மைனி சிரித்தார், பதில் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி பிள்ளைக்கு எண்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனில் 21ஐ 'ஒன்றும் இருபதும்' என்று பின்னாலிருந்து சொல்வார்கள். கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார். பிள்ளை எழுதி வைத்திருப்பது 12.