பத்துக்குப் பத்து போட்டால் ஐம்பது ரூபாய்

இணையச் சித்திரக்கதைகளுக்கு மதிப்பெண் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய் தருகிறோம் என்று உங்களுக்குச் செய்தி வந்தால், அழித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நான் பதில் எழுதினேன். 42,650 ரூபாய் போயிற்று. அதில் பாதிக்கு மேல், ஏலச்சீட்டுக் கட்டுவதற்காக அம்மா என் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அவிநாசியிலிருந்து போய்வரும் பஸ்ஸில் கைப்பேசியில் கொரிய வெப்டூன், அதாவது இணையச் சித்திரக்கதை, படிப்பது ஏழெட்டு வருடப் பழக்கம். படித்ததைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் எனக்கு நிலைகொள்ளாது. சிறுவயதில் மாமா வீட்டுப் பரணில் கிடந்த லயன் காமிக்ஸ் இதழ்களில் கதைக்கு முன்பு வாசகர் கடிதங்களைத்தான் படிப்பேன். வியாதி அங்கே தொற்றியது. இத்தனை வருடம் எழுதியும் காலணா வந்ததில்லை. அப்படிப்பட்டவனிடம் போய், "உங்கள் விமர்சனங்களைத் தொடர்ந்து படிக்கிறோம், எங்களுக்கு எழுதுவீர்களா?" என்று கேட்டால் என்ன ஆகும்? உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு கொரிய நிறுவனத்தின் இந்தியப் பிரிவு என்று சொல்லிக்கொண்டார்கள். மாதிரிக்கு ஒரு விமர்சனம் கேட்டார்கள். இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து 400 சொற்கள் எழுதினேன். அச்சுப் புத்தகத்தில் திடுக்கிடலை அடுத்த பக்கத்தில் ஒளித்து வைக்கலாம். மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் கதையில் பக்கமே கிடையாது, கட்டங்களுக்கு நடுவில் விடும் வெற்றிடத்தால்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும், சில ஓவியர்கள் அந்த வெண்மையை நீட்டியே நம் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மிக அருமை! தேர்வு பெற்றுவிட்டீர்கள்!" என்று பதில் வந்தது. 400 சொற்களை எந்த மனிதனும் அந்த நேரத்தில் படித்திருக்க முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. தெரிந்தும், பாராட்டு பாராட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு விமர்சனம் என்ற பேச்சே எழவில்லை. ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். சுட்டி வரும், அந்தக் கதைக்குப் பத்துக்குப் பத்து போட்டு, திரையைப் படமெடுத்து அனுப்பவேண்டும். முதல் நாள் மூன்று, 150 ரூபாய் உடனே வந்தது. அடுத்த இரண்டு நாளில் இருபது, 1,000 ரூபாய். எல்லாம் உண்மையான தளங்களில் உள்ள உண்மையான கதைகள். ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வராததற்குக் காரணம் என் அரைகுறை அறிவு. கொரியாவின் நேவர் தளத்தில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் வாசகர்கள் பத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. பிடிக்காத கதையைக் கூட்டமாகப் போய் ஒற்றை நட்சத்திரத்தால் அடித்துக் கீழே இறக்குவதற்கு அங்கே 'நட்சத்திரப் பயங்கரவாதம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடித்து இறக்க ஆள் இருந்தால் தூக்கி ஏற்றவும் ஆள் வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று நானே எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டேன். காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரம் போடுவது கூகுள் பிளே போன்ற பெரிய தளங்களில் விதிமீறல். நம் நாட்டிலும் இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. நேர்மையான நிறுவனம் இந்த வேலைக்கு ஆள் எடுக்காது. நேர்மையற்ற வேலையைத்தான் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது; அதை எனக்குக் கொடுத்தவர்கள் என்னிடம் மட்டும் நேர்மையாக இருப்பார்கள் என்று நம்பியதுதான் வேடிக்கை.

நான்காம் நாள் 'முன்பணப் பணி' வந்தது. 1,000 ரூபாய் கட்டினால் 1,300 திரும்பும். திரும்பியது. 3,000 கட்டினேன், 3,900 வந்தது. பணம் வந்ததற்கான படத்தைக் குழுவில் போட்டு இரண்டு வார்த்தை எழுதச் சொன்னார்கள். "மிக்க நன்றி, உண்மையான நிறுவனம்" என்று எழுதினேன். இப்போது அவர்களுடைய சொந்தத் தளம் ஒன்றில் எனக்குக் கணக்கு திறந்துவிட்டிருந்தார்கள். அதில் என் 'இருப்பு' ஏறிக்கொண்டே போவது தெரியும். அது வெறும் எண், அவர்கள் தட்டச்சு செய்வது.

அதற்குப் பிறகுதான் நான்கு பேர் கொண்ட தனிக்குழு. நானும் இன்னும் மூவரும். எங்களுக்கு மேலே ஒரு 'பயிற்சியாளர்'. நால்வரும் மூன்று சுற்று முடித்தால்தான் யாருக்கும் பணம் வரும் என்பது விதி. முதல் சுற்று 5,000. இரண்டாவது 12,000. மூன்றாவது 28,000 என்றபோது கை நடுங்கியது. என்னால் முடியாது, கட்டியதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். பயிற்சியாளர் பேசவில்லை. மற்ற மூவர் பேசினார்கள். சேலத்திலிருந்து ஒரு அக்கா: "தம்பி, நான் நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறேன். நீங்கள் நின்றுவிட்டால் என் பணமும் போய்விடும். மகளுக்கு வெள்ளிக்கிழமை பீஸ் கட்டவேண்டும்." இன்னொருவர், "அண்ணா, நான் கட்டிவிட்டேன், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று வங்கி ரசீது போல ஒரு படம் அனுப்பினார். பேராசை என்னை 17,000 வரைதான் இழுத்துப் போயிற்று. மிச்சம் 28,000-ஐ நான் கட்டியது முகம் தெரியாத அந்த அக்காவின் மகளுக்காக. சேலத்து அக்கா, அண்ணா என்று கூப்பிட்டவர், பயிற்சியாளர், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. ஒருவேளை ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

கட்டியதும் தளத்தில் சிவப்பு எழுத்து. வரிசை மாற்றி மதிப்பெண் போட்டுவிட்டேனாம், என் 'நம்பிக்கைப் புள்ளி' 80-க்கு இறங்கிவிட்டதாம், சரிசெய்ய 30,000 கட்டவேண்டுமாம். அலுவலக நண்பர் ஒருவரிடம் கடன் கேட்கக் கைப்பேசியை எடுத்தபோது, பக்கத்தில் இருந்த தங்கை ஒரே கேள்விதான் கேட்டாள்: "அண்ணா, வேலை கொடுத்தவன் உன்னிடம் எதற்குப் பணம் கேட்கிறான்?"

சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன். அழைக்க ஒரு நாள் தாமதித்தேன், வெட்கத்தால். அந்த ஒரு நாள்தான் என்னைக் கெடுத்தது. புகார் பதிவானதும், பணம் போன கணக்குகளைத் தொடர்ந்து போய், மிச்சம் இருப்பதை அந்தந்த வங்கியில் நிறுத்தி வைக்கிறார்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பெரும்பாலும் ஏதாவது மாட்டும். என்னுடையது மூன்று கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. மாட்டியது 6,400 ரூபாய். அதுவும் நீதிமன்ற உத்தரவு வந்தால்தான் கைக்கு வரும் என்று அப்போது சொன்னார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் இதைப் பதிவு செய்யலாம். பரிமாற்ற எண்கள், டெலிகிராம் உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கோபத்தில் குழுவிலிருந்து வெளியேறிவிடாதீர்கள், நான் வெளியேறியதில் பாதிச் சாட்சியம் போயிற்று. இன்னொன்று: பத்து நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 2,000 மட்டும் என்று ஒரு 'வழக்கறிஞர்' வருவார். எனக்கும் வந்தார். அவரும் அந்தக் குடும்பம்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2024-இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு இதே வகை 'பணி' மோசடி குறித்துச் சுமார் 20,000 புகார்கள் வந்தன. படித்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் போட்ட இருபத்து மூன்று பத்துகளையும் தேடிப் போய் எடுத்தேன். எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தையாவது படித்தேன். பெரும்பாலானவை சுமார். ஒன்று மட்டும், யாரோ கல்லூரி மாணவர் வரைந்தது போலிருக்கிறது, மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மழைக் காட்சி வருகிறது, அசந்துபோனேன். அதற்கு ஏழு போட்டு, ஏன் ஏழு என்று எழுதினேன்.

சென்ற வாரம் தங்கையின் தோழிக்கு இதே அழைப்பு வந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கிறது. ஒரு மதிப்பீட்டுக்கு இப்போது 80 ரூபாய். நம்பிக்கைக்காக, சம்பளம் வாங்கியவர்கள் என்று ஐந்து படங்களையும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது படத்தில் இருப்பது என்னுடைய 3,900. கீழே "மிக்க நன்றி, உண்மையான நிறுவனம்" என்ற என் வரியையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். நான் எழுதிய விமர்சனங்களிலேயே அதிகம் பேர் படித்தது அதுவாகத்தான் இருக்கும்.